ஜோடி என்று சொல்லி விற்கும்போது

வேட்டி ஜோடி என்றால் நீளமும் கரையும் ஒத்திருக்க வேண்டும். வளையல் ஜோடி என்றால் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் உழவு மாடு ஜோடி பிடிக்கிறவர், உயரமும் கொம்பும் பொருந்துகிறதா என்று நாலு தடவை சுற்றி வந்து பார்ப்பார். நம் நாட்டில் ஜோடி என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். இந்தப் பொருளை அப்படியே வண்ண மீன் கடைக்குக் கொண்டு போனதால் நடக்கும் அநியாயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் மீனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர்கள் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று வண்ண மீன் கடை வைத்திருக்கிறார்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கும் கடைக்காரர்களோ இன்னும் அதிகம். நான் 40 வருடமாகப் பருப்பும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்கிறவன். என் அண்ணன் மகன் மீன் கடை வைத்திருக்கிறான். மாலை வேளையில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். பார்த்ததும், விசாரித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை.

கோமாளி மீன் என்பது ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சிறிய கடல் மீன். 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்திற்குப் பிறகு குழந்தைகள் ‘நீமோ’ என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர் பேரனுக்காக ஒரு கடையில் இரண்டு வாங்கினார். இரண்டும் நன்றாக வளர்ந்தவை, அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. “ஜோடி சார், முட்டை வைக்கிற ஜோடி” என்று சொல்லி அதற்கென்று கூடுதல் விலையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் துடுப்பெல்லாம் கிழிந்து தொட்டியின் மேல் மூலையில் ஒதுங்கி நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் செத்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “உங்கள் தண்ணீர் சரியில்லை” என்றார்.

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. சரக்கைப் பொருத்திய விதம்தான் தவறு.

இந்த மீன் இனத்தின் சங்கதி விசித்திரமானது. பிறக்கும்போது இதில் பெண் கிடையாது. கடலில் கடல் சாமந்தி என்னும் கொட்டும் உயிரினத்தின் கைகளுக்கு நடுவே இவை கூட்டமாகக் குடியிருக்கும். கூட்டத்தில் மிகப் பெரியது எதுவோ அதுதான் பெண். அடுத்த அளவில் இருப்பது அதன் ஆண். மீதி உள்ள சிறியவை எல்லாம் இனப்பெருக்கத்தில் சேராமல் வரிசையில் காத்திருப்பவை. பெண் செத்துப்போனால் அதன் ஆண் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெண்ணாக மாறிவிடும். வரிசையில் அடுத்தது ஆணின் இடத்திற்கு ஏறும். ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே என்ற இருவர் 1977இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்ப ஆணாவது கிடையாது. இந்தக் கணக்குப்படி, அந்தப் படத்தில் தாய் இறந்த பிறகு நீமோவின் அப்பா அம்மாவாக அல்லவா மாறியிருக்க வேண்டும்! படம் எடுத்தவர்கள் அந்த வம்புக்குப் போகவில்லை.

வியாபாரி மனதில் வைக்க வேண்டியது இதற்கு அடுத்த விஷயம். பாப்புவா நியூ கினியில் மடாங் என்ற இடத்தில் பீட்டர் பஸ்டன் என்பவர் இந்த மீன்களை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார். வரிசையில் கீழே உள்ள ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே உள்ளதைவிடச் சிறியதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே அடக்கி வைத்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். மேலே உள்ளதன் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இருந்தால், அது பெரியதற்குப் போட்டியில்லை. நெருங்கி வளர்ந்துவிட்டால் போட்டியாகிவிடும், அடி விழும், கூட்டத்தை விட்டே துரத்தப்படும். சாமந்தியின் அடைக்கலத்தை இழந்த மீன் வேறு மீனின் வாய்க்குத்தான் போகும். ஆகையால் சிறியதாக இருப்பதுதான் அதற்கு உயிர்ப் பாதுகாப்பு.

நம் தொழிலில் ஒரே ரகம், ஒரே அளவு என்பது சரக்கின் சிறப்பு. மிளகாய் மூட்டையில் சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் விலை இறங்கும். இந்த மீனில் கதை தலைகீழ். வாடிக்கையாளர் “இரண்டும் ஒரே மாதிரி கொடுங்கள்” என்று கேட்கிறார், கடைக்காரரும் ரகம் பிரித்து ஒத்த அளவில் எடுத்துக் கொடுக்கிறார். வளர்ந்த மீனில் ஒத்த அளவு என்றால் அவை இரண்டும் பெண்ணாகவே இருக்கக் கூடும். இரண்டும் விட்டுக்கொடுக்கா. கடலிலாவது துரத்தப்பட்டது ஓடுவதற்கு இடமுண்டு. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது?

“எங்கள் கடையில் 30 மீன் ஒன்றாகத்தானே கிடந்தன, ஒன்றையொன்று தொடவில்லையே” என்பார்கள். அது உண்மைதான். நெருக்கமாக அடைத்து வைத்த தொட்டியில் எந்த மீனுக்கும் சொந்த இடம் என்று ஒன்று அமைவதில்லை. அடிக்கிற மீனும் ஒன்றையே குறிவைத்து அடிக்க முடியாது. அதே கூட்டத்திலிருந்து இரண்டை எடுத்துத் தனித் தொட்டியில் விட்டால், அன்றைக்கே வீடு யாருடையது என்ற வழக்கு ஆரம்பமாகும். கடையில் சாதுவாக இருந்ததை வைத்து வாடிக்கையாளர் வீட்டில் நடக்கப் போவதற்கு உத்தரவாதம் தருவது சரியில்லை.

அப்படியானால் எப்படித்தான் விற்பது? குட்டியாக உள்ள இரண்டை எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பெரியதாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே தொட்டியில் விட வேண்டும். பெரியது துரத்தும், சில சமயம் கடிக்கும். சிறியது அதன் முன்னால் உடம்பை நடுக்கிக் காட்டும். பார்க்கிறவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடி வருவார்கள். அது வலிப்பு அல்ல, “நீயே பெரியவள், எனக்கு வழக்கு இல்லை” என்று சொல்லும் பாஷை. அந்த நடுக்கம் இருந்தால் ஜோடி அமையும் என்று நம்பலாம். சிறியதும் எதிர்த்து நின்று, இரண்டும் வாயைக் கவ்விக்கொண்டு சண்டையிட்டால் உடனே பிரிக்க வேண்டும். தாடையைப் படீரென்று மூடி இவை சத்தம் எழுப்புவதும் உண்டு. எரிக் பார்மென்டியே என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 2007இல் அதை விளக்கினார்கள். இரவில் அமைதியாக இருக்கும் கடையில் காது கொடுத்தால் நமக்கும் கேட்கும்.

ஒரு மீன் செத்துவிட்டது, மாற்று வேண்டும் என்று வருகிறவரிடம், “செத்தது ஆணா பெண்ணா?” என்று விசாரிக்கத் தேவையே இல்லை. எது செத்திருந்தாலும், மீதி இருப்பதைவிட நன்றாகச் சிறிய குட்டியைக் கொடுங்கள். மீதி இருப்பது பெண்ணானால் பெண்ணாகவே இருக்கும், ஆணானால் பெண்ணாக மாறிக்கொள்ளும். குட்டி ஆணின் வேலையை ஏற்கும். பழைய மீன் தொட்டியைத் தன் சொத்தாக நினைத்துக்கொண்டிருக்கும் என்பதால், குட்டியைச் சில நாள் துளையிட்ட டப்பாவில் வைத்து உள்ளே விட்டுப் பிறகு திறந்துவிடுவது நல்லது. அமைந்த ஜோடியோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்கச் சொல்லி விற்பது மட்டும் கூடவே கூடாது. அது அடிபட்டுச் சாவதற்கென்றே விற்ற சரக்கு. மரூன் என்ற கருஞ்சிவப்பு வகையில் இன்னும் கவனம் வேண்டும். பெண் ஆணைவிட மிகப் பெரியது, கோபத்திலும் இந்தக் குலத்தில் முதலிடம் அதற்குத்தான்.

நம் மளிகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடை உப்பைக் கரைத்து ஊற்றினால் கடல் தண்ணீர் ஆகிவிடாது. அதற்கென்று கடல் உப்புக் கலவை தனியாக இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததால் சொல்கிறேன்!

“இத்தனையும் விளக்கிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?” என்று என் அண்ணன் மகனே கேட்டான். நியாயமான கேள்வி. நான் அவனிடம் சொன்னது அரிசிக் கணக்கு. புது அரிசிக்கு ஒரு விலை, ஒரு வருடம் வைத்திருந்த பழைய அரிசிக்கு ஒரு விலை. முடங்கிய பணத்திற்கும் அடைத்த இடத்திற்கும் சேர்த்துத்தான் பழைய அரிசியின் விலை. யாரும் அதைக் கொள்ளை என்று சொல்வதில்லை. அதுபோல இரண்டு குட்டிகளைத் தனித் தொட்டியில் விட்டு, மாதக்கணக்கில் தீனி போட்டு, அவை பக்கத்தில் பக்கத்தில் உறங்குவதையும், கல்லைச் சுத்தம் செய்து முட்டை வைப்பதையும், ஆண் மீன் அந்த முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காவல் காப்பதையும் கண்ணால் பார்த்த பிறகு ‘ஜோடி’ என்று விற்றால், தனி மீனின் விலையைப்போலப் பல மடங்கு கேட்கலாம். உழைத்ததற்கு வாங்கும் காசு அது. காலையில் தொட்டியில் வலை போட்டு எடுத்த இரண்டிற்கு அந்த விலையை வாங்குவதுதான் குற்றம். புது அரிசியைப் பழைய அரிசிச் சாக்கில் மாற்றிக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கொள்முதலிலும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவிலேயே செபே என்னும் கோமாளி மீன் சாமந்தியோடு வாழ்கிறது. அங்கே குடியிருக்கும் கூட்டத்திலிருந்து பெரிய மீனைப் பிடித்தால் அந்த வரிசையே கலைந்துபோகும். அதற்கு அவசியமும் இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டை வைக்கச் செய்து குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் வளர்ந்த குட்டிதான் நமக்கும் ஏற்றது. சிறியதாகவே கிடைக்கிறது, தொட்டிக்கும் தீனிக்கும் பழகியிருக்கிறது.

மீன் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பில்லில் ‘ஜோடி’ என்று எழுதினால், எந்த மாதத்திலிருந்து ஒன்றாக இருக்கின்றன, முட்டை வைத்தனவா இல்லையா என்பதையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத முடியாவிட்டால் ‘குட்டி மீன் 2, பெரியது ஒன்று, சிறியது ஒன்று’ என்று எழுதி, அதற்குரிய விலையை வாங்குங்கள். என் அண்ணன் மகன் கடையில் போன தை மாதத்திலிருந்து அப்படித்தான் எழுதுகிறார்கள்.