வெறும் கையெழுத்து வழிகாட்டுமா?

ஜூலை மாதம் வந்தால் மும்பையில் இருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் பலருக்கும் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும். சொந்தக்காரர் வீட்டுப் பையனோ பெண்ணோ கம்ப்யூட்டர் சயன்ஸில் எம்.டெக். சேர வருகிறார்கள், ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வர முடியுமா, இரண்டு நாள் வீட்டில் தங்க வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். நாமும் சந்தோஷமாகச் செய்கிறோம். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்த பஸ் பிடிப்பது, மாதுங்காவில் எங்கே நல்ல காபி கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டிய ஒரு பெரிய முடிவு இருக்கிறது. அதில் உதவி செய்ய அநேகமாக யாரும் இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எம்.டெக். இரண்டு ஆண்டுப் படிப்பு. பெரும்பாலான இடங்களில் முதல் ஆண்டு பாடங்கள், இரண்டாம் ஆண்டு ஆய்வேடு. பி.ஈ. படித்த காலத்தில் கல்லூரி போட்ட அட்டவணைப்படி வகுப்பில் போய் உட்கார்ந்தால் போதும். இங்கே எந்தப் பாடங்களைப் படிப்பது என்பதைப் பெருமளவு மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு ஆலோசனை சொல்ல ஃபாக்கல்டி அட்வைசர் என்று ஓர் ஆசிரியரை நியமித்திருப்பார்கள். அவர் கையெழுத்திட்டால்தான், அல்லது இப்போதைய முறைப்படி கம்ப்யூட்டரில் ஒப்புதல் தந்தால்தான், பாடங்கள் பதிவாகும். ஆய்வேட்டை நடத்திச் செல்பவர் கைடு. அவர் வேறு, இவர் வேறு. இந்த வித்தியாசமே தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகள் பலர்.

என் கடைசித் தங்கையின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு பெரிய கல்வி நிலையத்தில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். பதிவு நாளன்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆசிரியர் தலை நிமிராமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விடுதியில் பக்கத்து அறைப் பையன்கள் சொன்னதைக் கேட்டு, வேலை கிடைக்கும் என்று மெஷின் லேர்னிங், அல்காரிதம் மேல்நிலைப் பாடம், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் மூன்றையும் ஒரே செமஸ்டரில் எடுத்துக்கொண்டான். மூன்றுமே வாராவாரம் வேலை வாங்கும் பாடங்கள். செப்டம்பரில் இடைத்தேர்வு முடிந்தபோதுதான் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது தெரிந்தது. பாடத்தைக் கைவிடும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. அவன் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கரையேறி விட்டான். அவனோடு சேர்ந்த ஒருவன் நவம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அந்தப் பையன் மக்கில்லை. அத்தனை ஆயிரம் பேர் எழுதிய தேர்வில் முன்னால் வந்தவன்தான்.

நான் டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் ஓடும் தடத்தில் இருக்கும் பாயிண்டிலோ சிக்னலிலோ கை வைப்பதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்பானரை எடுப்போம். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுத்தால்தான் அது மறுபடி வண்டிக்குப் பயன்படும். ‘நான் பார்த்தேன், விசாரித்தேன், பொறுப்பேற்கிறேன்’ என்பதே அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். நாளை ஒரு விபத்து என்றால் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் படிவத்தில் போடும் கையெழுத்துக்கும் அதே கனம் இருக்க வேண்டாமா?

சில பேராசிரியர்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். “இவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதானவர்கள். பட்டம் வாங்கியவர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போக இது ஆரம்பப் பள்ளியா? எங்களுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது.” இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருஷம் வண்டி ஓட்டிய டிரைவராக இருந்தாலும், புதிய செக்‌ஷனுக்கு மாற்றினால் ரயில்வே அவரை உடனே தனியாக அனுப்புவதில்லை. தெரிந்த ஒருவருடன் போய், பகலிலும் இரவிலும் பார்த்து, எங்கே சிக்னல், எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று கற்றுக்கொண்ட பிறகு, ‘இந்தத் தடம் எனக்குத் தெரியும்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டியை ஒப்படைப்பார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது என்றா அதற்குப் பொருள்? இந்தத் தடம் புதிது, அவ்வளவுதான். எம்.டெக். மாணவர் நிலையும் அதேதான்.

தடம் எவ்வளவு புதிது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயன்ஸ் தாளில் 100 மதிப்பெண்ணில் பொறியியல் கணிதத்துக்கு 13 மதிப்பெண்தான். கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுப்பவை, அல்லது ஓர் எண்ணை விடையாகத் தருபவை. ஒரு வருஷம் இதற்கே பயிற்சி செய்த பிள்ளை நீளமான புரோகிராம் ஒன்றை எழுதி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். மெஷின் லேர்னிங் வகுப்பிலோ முதல் வாரத்திலிருந்தே லீனியர் ஆல்ஜிப்ராவும் நிகழ்தகவும் தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். ஆசையால் எடுத்தாலும் அடித்தளம் இல்லையென்றால் என்ன ஆகும்? இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் வழியாகச் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்காக வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்திலும் விடைத்தாள் திருத்துவதிலும் உதவ வேண்டும். பாடச்சுமையைக் கணக்கிடும்போது இந்த எட்டு மணி நேரத்தைப் பிள்ளைகள் மறந்தே விடுகிறார்கள்.

2019-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஐ.ஐ.டி.களில் 2,461 பேர் படிப்பை நடுவில் விட்டிருக்கிறார்கள். முதுநிலை மாணவர்கள் விலகப் பொதுத்துறை வேலைகள் ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லப்பட்டது. வேலை கிடைத்துப் போவது குற்றமல்ல. அதே கேட் மதிப்பெண்ணைக் கொண்டு பொதுத்துறை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. ஆனால் பொதுத்துறை உத்தரவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் பிஎச்.டி. வரை போக நினைக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டத்தில் கையெழுத்துப் போடலாமா? “உனக்கு என்ன வேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருந்தால்தானே தெரியும்?

இந்தப் படிப்பு நம் நாட்டில் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் கல்வியைத் தொடங்கி வளர்த்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 1969-இல் எம்.டெக். பட்டம் பெற்றதும் அங்கேதான். அன்று மாணவர்கள் கொஞ்சம், கம்ப்யூட்டரும் அரிது. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க வழியில்லை. இன்று வகுப்பு பெருத்துவிட்டது. அன்று தானாக நடந்ததை இன்று விதி போட்டுத்தான் நடத்த வேண்டும்.

அப்படி விதி போடுவதானால் என் யோசனை எளியது. பதிவுக்கு முன் ஒவ்வொரு மாணவருடனும் அட்வைசர் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். இதுவரை எழுதியதிலேயே பெரிய புரோகிராம் எது, கணிதத்தில் எது பயம், இரண்டு ஆண்டு முடிந்ததும் எங்கே இருக்க ஆசை என்று மூன்று கேள்வி போதும். முதல் செமஸ்டரில் கணித அடித்தளம் ஒன்று, நிறையப் புரோகிராம் எழுத வைக்கும் பாடம் ஒன்று, மனசுக்குப் பிடித்தது ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் மூச்சு முட்டாது. பாடத்தைக் கைவிடும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டாவது சந்திப்பு. ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் ‘பேக்கேஜ் எவ்வளவு வரும்?’ என்று கேட்பதை முதல் வருஷமாவது நிறுத்துங்கள். ‘உன் அட்வைசரைப் பார்த்தாயா, என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். நம் சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் தடுமாறுவோமோ என்ற கூச்சம். ஆசிரியர் அறைக் கதவைத் தட்டவே தயங்குகிறார்கள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். தட்டினால் பெரும்பாலான ஆசிரியர்கள் உட்காரச் சொல்லிப் பேசவே செய்கிறார்கள்.

நம் சங்கமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளையும், இரண்டாம் ஆண்டு மாணவர்களையும், நம்மிடையே உள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்போம். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பத்து நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க் காபியும் போதும். அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தர நான் தயார். ஒத்துழைக்க விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.