பெங்களூருக்கு ஒரு 'செத்த காலேஜ்' வேண்டும்

சென்னைப் பழக்கம் உள்ளவர்களுக்கு 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்' என்ற பெயர்கள் நினைவிருக்கும். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இவை படித்தவர்கள் வைத்த பெயர்கள் அல்ல. மூட்டை தூக்கியவரும் கிராமத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவரும் வைத்தவை. எழுத்தறியாதவரும் அங்கே போய் எதையோ கற்றுக்கொண்டு திரும்பினார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டுக்கும் வித்திட்டவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர். சென்னை மியூசியம் 1851இல் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளர் அவர்தான். உயிருள்ள மிருகங்களைக் காண ஜனங்கள் திரளுவதைக் கண்டு, 1855இல் அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலையையும் ஏற்படுத்தினார். நமது பெங்களூரில் 1865இல் மியூசியம் ஏற்படவும் அவரே துணை நின்றார். கப்பன் பார்க் ஓரமாக, கஸ்தூரிபா சாலையில் நிற்கும் சிவப்புக் கட்டடம் 1877இல் எழுந்தது.

ஆனால் இரண்டும் வேறு வேறு வழியில் வளர்ந்துவிட்டன. எழும்பூரில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூடு 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. கன்னடக் கரைத் திமிங்கிலத்தைப் பார்க்க நாம் மெட்ராஸ் ரயிலேற வேண்டியிருக்கிறது! கஸ்தூரிபா சாலை மியூசியமோ சிற்பங்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் பேர் பெற்றது. பேகூர் வீரக்கல்லை நின்று பார்க்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காட்டையும் ஏரியையும் பற்றி அறிய அங்கே போகிறவர்தான் ஏமாந்து திரும்புவார்.

தென்னாட்டுக்கென மத்திய அரசு அமைத்த இயற்கை வரலாற்று மியூசியம் 1995 முதல் மைசூரில், காரஞ்சி ஏரிக்கரையில் இருக்கிறது. நல்ல இடம்தான். ஆனால் ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ குடியிருக்கும் ஒரு கொத்தனார், மனைவி மக்களுடன் சுமார் 140 கிலோமீட்டர் போய் வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கையிலிருந்தும் செலவழிக்க வேண்டும். டில்லியில் 1978இல் திறந்த தாய் மியூசியமோ 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையாயிற்று. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்து வைப்பதன் ஆபத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். நம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வேண்டும். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்த தலைமுறைக்கு வேலங்காயும் நுணாவும் தெரியும். இங்கே சந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மரம் என்றால் மரம், குருவி என்றால் குருவி, அவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் பனிக்கரடியைப் படிக்கிறது. இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்து மரங்களில் தேவாங்கு வாழ்வதை அதற்கு யார் சொல்வது? கன்னடத்தில் அதன் பெயர் 'காடுபாப்பா'. எவ்வளவு அழகான பெயர்! நம்முடைய புங்க மரம்தான் இங்கே 'ஹொங்கே', வேம்பு 'பேவு'. அத்தி மட்டும் இரு மொழியிலும் அத்தியே. இரு மொழிப் பெயர்களையும் அருகருகே எழுதி வைத்தால், எந்தக் கூட்டம் போட்டுப் பேசுவதையும் விட அது இரு தரப்பாரையும் நெருங்கச் செய்யும்.

மாநில அரசு புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்று கூட நாம் கேட்கவில்லை. லால்பாக்கில், கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து கடலை கொறிப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்திருப்பார்கள்? அருகில் ஒரு கூடத்தை ஒதுக்கி, நகரத்து ஏரிகள், பறவைகள், பாம்புகள், மரங்கள் பற்றி வைத்தால் போதும். பாம்புகளுக்குச் சற்று அதிக இடம் கொடுக்கலாம். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு எது விஷப் பாம்பு, எது சாரை என்று தெரிவது உயிர் காக்கும் விஷயம்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலை பத்து முதல் மாலை ஐந்து, திங்கட்கிழமை விடுமுறை என்பது ஆபீஸ் வைத்திருப்பவரின் வசதி. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அது பூட்டிய கதவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும்.

அதுவரை நமது சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு காலை, பத்துப் பிள்ளைகளை லால்பாக் பாறைக்கு அழைத்துப் போகலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி ஒருவரும் கூட வரட்டும். மரங்களின் பெயரை அவர் சொல்லுவார்.