பனிக்கு இடம் உண்டு, வெயிலுக்கு?

கடுங்குளிரில் விறைத்து ஒருவர் இறந்தால், மத்திய அரசின் கணக்கில் அது பேரிடர் மரணம். கத்திரி வெயிலில் சாரத்தின் மேல் நின்ற கொத்தனார் சுருண்டு விழுந்து இறந்தால்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைச் செலவிட மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியோடு சேர்ந்த குளிர் அலை ஆகிய பன்னிரண்டும் அதில் உண்டு. வெப்ப அலை அதில் இல்லாததால்தான், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அதை மாநிலத்துக்கே உரிய பேரிடராகத் தனியே அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டது.

பேரிடர் என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. 2004 சுனாமிக்கு மறு ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கையாலோ மனிதராலோ, விபத்தாலோ அலட்சியத்தாலோ நேர்ந்து, பெரும் இழப்பை உண்டாக்கி, பாதிக்கப்பட்ட மக்களின் தாங்கும் சக்தியை மீறிப் போவதையே பேரிடர் என்கிறது. இடர் வேறு, பேரிடர் வேறு என்பது இதன் உட்பொருள். 2010 ஜனவரியில் ஹைத்தியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.0, அடுத்த மாதம் சிலியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 500 மடங்கு அதிகம். ஆனால் அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர். ஹைத்தியில் ஒரு லட்சத்துக்கும் மேல். கட்டடங்களின் உறுதியும் அரசின் ஆயத்தமும்தான் இரண்டு நாடுகளையும் பிரித்தன.

இந்த அளவுகோலை வெயிலுக்கும் வைத்துப் பார்க்கலாம். குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு 42 டிகிரி வெறும் செய்தி. தூத்துக்குடி உப்பளத்தில் வாருகோல் பிடிப்பவருக்கும், செங்கல் சூளையில் கல் அடுக்குபவருக்கும், தகரக் கூரையின் கீழ் இரவைக் கழிக்கும் முதியவருக்கும் அது தாங்கும் சக்தியைத் தாண்டிய துன்பம்.

வெயில் ஆபத்தானது என்பது டெல்லிக்குத் தெரியாததல்ல. 1999-இல் அமைக்கப்பட்ட ஜே.சி. பந்த் தலைமையிலான உயர்மட்டக் குழு 31 பேரிடர்களை அடையாளம் கண்டு, நீரும் காலநிலையும் சார்ந்தவை, புவியியல் சார்ந்தவை, வேதியியல்–தொழிற்சாலை–அணு சார்ந்தவை, விபத்துகள், உயிரியல் சார்ந்தவை என ஐந்து வகையாகப் பிரித்தது. முதல் வகையிலேயே வெப்ப அலை இருக்கிறது. மின்னலும் கடல் அரிப்பும்கூட இருக்கின்றன. அறிவதற்கான பட்டியல் நீளமாகவும், பணம் கொடுப்பதற்கான பட்டியல் குட்டையாகவும் ஆனதில்தான் சிக்கல். பட்டியலை நீட்டச் சொல்லி மாநிலங்கள் கேட்டபோது 15-ஆவது நிதி ஆணையம் அதை ஏற்கவில்லை. பட்டியலில் இல்லாத பேரிடர்களுக்கு, மாநில நிதியில் 10 விழுக்காடு வரை செலவிடலாம் என்பதே வழக்கம். மின்னலை 2015-இல் தன் பேரிடராக அறிவித்த ஒடிசாவும் இந்தப் பத்து விழுக்காட்டுக்குள்தான் நின்றாக வேண்டும்.

வெயில் ஆண்டுதோறும் வருவதுதானே என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான் வருகிறது. அதனால் வெள்ளத்தை யாரும் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. வெயில் மரணத்தை நிரூபிப்பது கடினம் என்ற வாதத்துக்கு வலு அதிகம். வெள்ளத்தில் போனவரின் சடலம் கரை ஒதுங்கும். வெயிலில் போனவரின் சான்றிதழிலோ மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் இருக்கும்.

அகமதாபாத் இதற்கு ஒரு வழி காட்டியது. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்து மொத்த மரணங்களை வழக்கமான மே மாதங்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, 1,344 மரணங்கள் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுவே முதல்.

தமிழ்நாட்டின் அறிவிப்பு தண்ணீர்ப் பந்தலோடும் உப்புச் சர்க்கரைக் கரைசலோடும் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மரணத்தையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே கணக்கு உள்ளாட்சி அலுவலகங்களிலேயே இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மரணங்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கச் சொல்லி டெல்லிக்கு அனுப்பும் அடுத்த கடிதத்தோடு அந்த எண்கள் இணைந்து போகட்டும்.