அவுட்பேக் கேம்பர் வேனும் ஒட்டன்சத்திரமும்: ரிட்டயர் ஆன அப்பா அம்மா ஏன் ரோடு ட்ரிப் போவதில்லை?

வெள்ளை வேன் ஒன்று. சுற்றிலும் செம்மண் காடு, ஆள் அரவமே இல்லாத நேர் ரோடு. வேனுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, எழுபதைத் தொட்ட ஒரு தாத்தாவும் பாட்டியும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் எடுத்த இந்த மாதிரி ரீல்ஸைப் பார்க்காத ஆளே இன்று இருக்க முடியாது. கீழே நம்ம பசங்க 'லைஃப் கோல்ஸ்' என்று ஹார்ட்டின் விட்டிருப்பார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய அப்பா அம்மா திண்டுக்கல்லில் கேஸ் சிலிண்டர் வண்டி வரும் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை இல்லை என்று சொல்வது சுத்தப் பொய். கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதி நினைவிருக்கிறதா? கடை வருமானத்தில் தினமும் சிறுகச் சிறுக எடுத்து வைத்து, பத்தாததற்குக் கடன் வாங்கி, போய்வந்த பிறகு அந்தக் கடனை அடைத்து, 25-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தவர்கள். 2019-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் போனார்கள். 2021-ல் ரஷ்யா போய்த் திரும்பிய அடுத்த மாதமே விஜயன் காலமானார். டீக்கடை வருமானத்தில் இது முடிந்திருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஏன் பக்கத்து மாவட்டம்கூட முடியவில்லை?

கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் 'காசு இல்லை' அல்லது 'நம்ம கலாச்சாரம் அப்படி'. இரண்டும் பாதி உண்மைதான். மீதி உண்மை ரோட்டில் கிடக்கிறது.

அங்கே எப்படி முடிகிறது?

ஆஸ்திரேலியாவில் இப்படிச் சுற்றுகிறவர்களுக்கு 'கிரே நோமட்ஸ்' என்று பெயர். நரைமுடி நாடோடிகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டோ, வாடகைக்கு விட்டோ, மாதக்கணக்கில் கிளம்பிவிடுவார்கள். தெற்கே குளிர் அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கு நோக்கி வண்டிகள் வரிசை கட்டும். போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை போகும் ஸ்டூவர்ட் ஹைவே ஏறத்தாழ 2,700 கி.மீ. தெற்கே ஐர் ஹைவேயில் 146 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பி வந்தால்கூட அந்த ஒற்றைக் கோடு தீராது.

அந்த நாட்டில் கேம்பர் வேன் தேவைப்படுவதற்கான காரணமே வேறு. வடக்கு மண்டலம் என்ற பகுதி பரப்பளவில் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. மக்கள்தொகையோ இரண்டரை லட்சம் சொச்சம். திண்டுக்கல் மாநகராட்சிக்குள் மட்டுமே 2011 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 7 ஆயிரம் பேர் இருந்தார்கள். அப்படிப்பட்ட வெற்றுவெளியில் அடுப்பு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் கூடவே கொண்டு போகாவிட்டால் பிழைக்க முடியாது. நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வருவதற்குள் எத்தனை டீக்கடை என்று எண்ணினால் கை வலிக்கும்.

ஆனால் அந்த ரீல்ஸில் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு நாடு முழுவதும் உள்ள பொதுக் கழிப்பறைகளை ஒரு வரைபடமாகப் போட்டு ஆப்பிலும் வைத்திருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் அதில் இருக்கின்றன. சக்கர நாற்காலி போகுமா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதுவரை பார்க்கலாம். வண்டியில் சேரும் கழிவைக் கொட்டும் இடங்கள்கூட அதில் உண்டு. இதை நடத்துவது சுற்றுலாத் துறை என்று நினைத்தால் தப்பு. சிறுநீரை அடக்க முடியாத பிரச்சினை உள்ளவர்களுக்கான தேசிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் வந்த வரைபடம் அது. வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்பதற்கு முதல் காரணம் எது என்று அங்கே ஓர் அதிகாரி யோசித்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கற்பனை ட்ரிப்

திண்டுக்கல் நாகல் நகரில் ரிட்டயர் ஆன ஆசிரியர் தம்பதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாருக்கு 66, டீச்சருக்கு 63. பெரிய ஆசை எல்லாம் இல்லை. ஒரு வேனில் படுக்கை போட்டுக்கொண்டு பழனி, அங்கிருந்து மலையேறி கொடைக்கானல், வத்தலக்குண்டு வழியாக இறங்கி வீடு. நாலு நாள்.

முதல் தடை வண்டி. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, தெரிந்த பட்டறையில் விட்டு, சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டுவிடலாம் என்று சார் நினைக்கிறார். முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவனுக்கு என்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டி, ஒப்புதல் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். பாதுகாப்புக்காகப் போட்ட விதிகள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓய்வூதியக்காரர் ஒருவர் தன் கையில் உள்ள காசில் இதை முடிக்க முடியுமா என்றால், கஷ்டம். நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி என்றுதான் அர்த்தம். அது தற்செயல் இல்லை.

லைசென்ஸையும் பார்க்க வேண்டும். 55 வயதைத் தாண்டிவிட்டால் புதுப்பித்தல் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான், மருத்துவச் சான்றிதழோடு. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. இதெல்லாம் பெரிய தடை இல்லை, டீச்சரே போனில் போட்டுவிடுவார்.

சரி, எப்படியோ வண்டி கிடைத்துவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கி.மீ. சாயங்காலம் கிளம்பி, ஒட்டன்சத்திரம் தாண்டி எங்காவது ஓரங்கட்டிப் படுத்து, விடியற்காலையில் மலை ஏறலாம் என்பது திட்டம். எங்கே ஓரங்கட்டுவது? ரோட்டோரத்தில் நிறுத்தினால் காய்கறி லாரிகள் பின்னால் வந்து நிற்கும். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் 'இங்க போடக் கூடாது சார்' என்பார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் வாட்ச்மேன் எழுப்புவார். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரருக்கு, இந்த வயசில் ரெண்டு பேர் வண்டிக்குள் ஏன் படுத்திருக்கிறார்கள் என்று புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆகும்.

இது எதுவுமே டீச்சருக்குக் கவலை இல்லை. அவர் கவலை ஒன்றே ஒன்று. "ஏங்க, எங்க நிறுத்தினாலும் சரி, மொதல்ல பாத்ரூம் இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

மதியத்திலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. இது கற்பனை இல்லை. காரில் நாலு மணி நேரப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போடுகிற வயதில், திண்டுக்கல் வெயிலில், தண்ணீர் குடிக்காமல் வருவது சாதாரண விஷயமா? 'அம்மாவுக்கு டிராவல் ஒத்துக்காது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒத்துக்காதது டிராவல் இல்லை.

ஊர் பெயரிலேயே இருக்கிறது பதில்

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தாண்டிப் போகும் ஊரின் பெயரே ஒட்டன்சத்திரம். சத்திரம்! வழிப்போக்கன் படுக்கவும், தண்ணீர் குடிக்கவும், கட்டுச்சோறு பிரிக்கவும் கட்டிய இடம். தமிழ்நாட்டு மேப்பில் சத்திரம், சாவடி என்று முடியும் ஊர்களைத் தேடிப் பாருங்கள், பழைய நெடுஞ்சாலைகளின் வழி தெரியும். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயர் இன்றுவரை நிற்பது அவர் போட்ட சாலைகளாலும் சத்திரங்களாலும்தான். மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் இருக்கிறது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் மூட்டையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்த ஊர் இது. நடந்து போகிறவன் உடம்புக்கு என்ன தேவை என்று அப்போது யோசித்திருக்கிறார்கள். நாலுவழிச் சாலை போட்டபோது காரின் தேவையை மட்டும் யோசித்தோம்.

கேம்பர் வேன் வாழ்க்கையும் நமக்குப் புதுசு இல்லை. நேஷனல் பர்மிட் லாரி டிரைவர்களைக் கேளுங்கள். கேபினுக்குள் படுக்கை, பின்னால் ஸ்டவ், தண்ணீர் கேன், சாமி படம். மாதக்கணக்கில் அதில்தான் வாழ்க்கை. ரீல்ஸ் போடுவதில்லை, அவ்வளவுதான். வேன் பிடித்து அறுபடை வீடு போகும் குடும்பங்களும் அப்படியே. புளிய மர நிழலில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து கேஸ் அடுப்பை எடுத்து, இருபது பேருக்குச் சமைத்துவிட்டுப் போவார்கள். அடுப்பு, சாப்பாடு, பாட்டு எல்லாம் ரெடி. இல்லாதது கதவு சாத்தும் ஒரு கழிப்பறையும், பயமில்லாமல் தூங்க ஓர் இடமும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் கேரளம் 'கேரவன் கேரளா' என்று கொள்கை அறிவித்தது, வாகமண்ணில் பார்க்கும் வந்தது. தமிழ்நாடும் கேரவன் சுற்றுலா நடத்துகிறவர்களைப் பதிவு செய்ய நெறிமுறை வகுத்திருக்கிறது. ஆனால் இவை எல்லாமே ரிசார்ட்டுக்குப் போகும் கஸ்டமரை மனதில் வைத்தவை. நாகல் நகர் சாருக்கு ரிசார்ட் வேண்டாம்.

இன்னொரு பக்கம், அறநிலையத் துறை மூத்த குடிமக்களை இலவசமாக அறுபடை வீடு அழைத்துப் போகிறது. நல்ல திட்டம். வயது வரம்பு 60 முதல் 70 வரை. 71 வயதுக்காரர் முருகனை எப்படிப் பார்ப்பார் என்பது வேறு விஷயம். ரயிலிலோ, 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. ரிட்டயர் ஆன தம்பதி சுயமாக ஒரு டிக்கெட் போட்டு, நினைத்த ஊரில் இறங்க இருந்த ஒரே மலிவான வழி அதுதான்.

தமிழ்நாட்டில் 2021-லேயே மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. நம்மை முந்தி நின்றது கேரளம், 16.5 சதவீதம். இத்தனை பேரும் ரோட்டில் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் இருக்கிறார்கள். கொஞ்சம் வசதியான வீடாக இருந்தால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பெங்களூரு, டல்லாஸ். அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒரே விசா நம் குழந்தைக்காகப் போட்டது என்றால், அதை டிராவல் என்று கணக்கில் எழுதலாமா?

செய்யவே முடியாத வேலை எதுவும் இதில் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் பாதயாத்திரை பக்தர்களுக்காக இதே ரோட்டின் ஓரத்தில் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கான கால்கள் வருகின்றன என்று தெரிந்ததும் பாதை வந்தது. நெடுஞ்சாலை ஆணையமும் 40 முதல் 60 கி.மீ.க்கு ஒரு வழியோர வசதி மையம் என்று திட்டம் வைத்திருக்கிறது. அதில் உணவகமும் காபி ஷாப்பும் மட்டும் வந்தால் போதாது. கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி முழுக்க எரியும் விளக்கு, சிசிடிவி, பத்து வண்டி நின்று தூங்க ஓர் ஓரம், நியாயமான வாடகை. லாரி டிரைவருக்கும் அது உதவும். வண்டியே இல்லாமல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பழைய சத்திரம் மாதிரி சுத்தமான நாலு அறை. ரயில் சலுகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் வேனே தேவைப்படாத நிறைய பேர் கிளம்பிவிடுவார்கள்.

இப்போதைக்கு, ராத்திரி பத்து மணிக்கு ஒட்டன்சத்திரத்தில் இடம் தேடி அலுத்துப்போன சார் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். திண்டுக்கல் முப்பது சொச்சம் கி.மீ.தான், ஒரு மணி நேரத்துக்குள் வீடு. டீச்சர் வாட்டர் பாட்டிலைத் திறந்து, நாகல் நகர் வந்த பிறகு குடிக்கலாம் என்று மறுபடி மூடி வைக்கிறார்.