மழைக்கு முன்னே மதகு!

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பேசாத மேடை உண்டா? குடவோலை கண்ட ஊர் என்று பூரிக்கிறோம். பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டு ஏரி வாரியத்தையும் சொல்கிறது. ஏரியைக் காக்க ஒரு வாரியம்! வெள்ளம் வந்த பிறகா வாய்க்கால் வெட்டுவார்கள்?

சிறுநீரக நோயாளி விஷயத்தில் நாம் அப்படித்தான் வெட்டுகிறோம்.

சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம். இயந்திரம் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லிலிட்டர் இரத்தம் கேட்கும். இதயத்துக்குத் திரும்பும் சிரை அவ்வளவு தராது. இதயத்திலிருந்து வரும் தமனியோ ஆழத்தில் ஓடுவது. ஓயாத ஊசிக்குத் தாங்காது.

வழி கண்டனர் அறிஞர். 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் கைக்கு வெளியே குழாய் பொருத்தினார். உயிர் நின்றது, சீழும் அடைப்பும் தொல்லை தந்தன. 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ, அப்பெல் குழுவினர் புது முறையை வெளியிட்டனர். மணிக்கட்டிலே தமனியைச் சிரையோடு இணைத்துத் தைத்தனர். பெருங்கால்வாய் நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பியது போல! சிரை பருத்தது, ஊசியைத் தாங்கியது. அதுதான் பிஸ்டுலா.

மணிக்கட்டில் இயலாதா? முழங்கையில். அங்கும் இயலாதா? மேற்கையின் ஆழ்ந்த சிரையை மேலே கொணர்ந்து. அதுவும் இல்லையா? செயற்கைக் குழாய். கடைசி வழி, கழுத்திலே குழாய்.

அந்தக் கடைசி வழியே ஏழைக்கு முதல் வழியாகிறது! ஏன்? பிஸ்டுலா பக்குவப்பட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வேண்டும். உழவனும் நெசவாளியும் முகம் வீங்கி, மூச்சு முட்டி வந்து சேரும்போது ஆறு நாள்கூட இருப்பதில்லை. கழுத்துக் குழாய் அன்றே உதவும்; கிருமி புகும் வாசலும் அதுவே. நெடுநாள் கிடந்தால் மார்புச் சிரை சுருங்கி, அந்தப் பக்கக் கையையும் கெடுக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வரவேற்கிறோம். இயந்திரம் பாதி, இரத்தத்துக்கு வழி மறுபாதி. எனவே கேட்கிறோம்: சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர், கிரியாட்டினின் சோதனை நடக்கட்டும். டயாலிசிஸ் வரப்போகிறது என்று தெரிந்தவுடன், பிஸ்டுலாவுக்கு நாள் குறிக்கட்டும்.

தோழர்களே, நமக்கும் வேலை உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவரின் உழைக்காத கையை இப்போதே காப்பாற்றுங்கள். அதில் வீணாக ஊசி ஏற விடாதீர்கள். பிஸ்டுலா போட்ட கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, மூட்டை தூக்கவோ விடாதீர்கள். நாள்தோறும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: அதிர்வு இருந்தால் வழி திறந்திருக்கிறது. அதிர்வு நின்றால், அன்றே மருத்துவமனை!