ஒரே அறையில் இருவர்



ஜூன், ஜூலைத் திங்கள்களில் "பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்று நம்மை வினவும் பெற்றோர், செப்டம்பர் பிறந்ததும் வேறு விதமாக எழுதத் தொடங்குகின்றனர். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இப்போது நம் மேசை மீது உள்ளது. கணவர் கடலுக்குச் செல்பவர். அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை அவர் மகன். வங்கிக் கடன் பெற்று நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்த்து, விடுதியிலும் விட்டிருக்கின்றனர். அறையில் இருவர். மற்றவன் வசதியான வீட்டுப் பிள்ளை. இரவு இரண்டு மணி வரை விளக்கை அணைப்பதில்லை. கைப்பேசியில் உரக்கப் பேசுகிறான். இவனுடைய புதுச் சட்டையைக் கேளாமலே எடுத்து அணிந்து செல்கிறான். இவன் ஆங்கிலம் பேசினால் சிரிக்கிறான். "அந்த அறைக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டுகிறது, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் அம்மா" என்கிறானாம் மகன். அவனை வரச் சொல்லலாமா, அல்லது அந்தப் பையனின் தாயிடம் நானே பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார் அந்த அன்னை.

இரண்டும் வேண்டா என்பதே நம் விடை. காரணத்தைச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

முதலில் ஒன்றைக் கருதுங்கள். வீட்டில் ஒரே கூடத்தில் ஆறு பேர் படுத்துறங்கிய பிள்ளைதான் இவன். தாத்தாவின் இருமலும், தம்பியின் உதையும், விடியுமுன் கடலுக்குப் புறப்படும் தந்தையின் காலடி ஓசையும் அவன் உறக்கத்தைக் கெடுத்ததில்லை. இன்று ஒரேயொருவனின் பேச்சொலி கெடுக்கிறது. அந்த ஆறு பேரும் தன்னவர், இவன் அந்நியன். விடுதி அலுவலகம் பதிவு எண்ணைப் பார்த்து இருவரையும் ஓரறையில் அடைத்ததேயன்றி, யாரும் யாரையும் தேர்ந்துகொள்ளவில்லை. அந்நியனின் ஓசையெல்லாம் நம்மை அவமதிக்கவே எழுப்பப்படுவதாக மனம் எண்ணிக்கொள்ளும். குருமடத்தில் நாற்பது பேர் ஒரே கூடத்தில் உறங்கிய நாட்களில் குறட்டை விட்டவர்களை நாம் மன்னித்தது, அவர்கள் பெயரும் ஊரும் நமக்குப் பழகிய பின்னரே.

விளக்கு அணையாமைக்கு உடலியல் காரணமும் ஒன்றுண்டு. பதின்ம வயதில் உறக்கம் வரும் நேரம் படிப்படியாகப் பின்தள்ளிப் போகிறது என்றும், ஏறத்தாழ இருபதாம் வயதில்தான் அது உச்சத்தை எட்டி மெல்லத் திரும்புகிறது என்றும் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டனர். கல்லூரிப் பருவம் முழுவதும் அந்த உச்சத்தை ஒட்டியே கழிகிறது. கருக்கலில் எழும் கடலோரக் குடும்பத்துப் பிள்ளையையும் நள்ளிரவில் விழிப்புக் கொள்ளும் நகரத்துப் பிள்ளையையும் ஓரறையில் வைத்தால் உரசல் வருவது இயல்பு. கண் விழித்திருப்பது அவன் குற்றமன்று. விழித்திருப்பவன் விளக்கை மறைத்துக்கொள்ளாததே குற்றம். இவ்விரண்டையும் பிரித்துப் பேசினால் பாதிச் சண்டை எழாது.

பாரிஸ் மாநகரின் புனித பார்பரா கல்லூரியில் 1529-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இங்கே நம் நினைவுக்கு வருகிறது. பிரான்சிஸ் சவேரியாரும் பீட்டர் பேபரும் அங்கே ஓரறையில் தங்கிப் பயின்று வந்தனர். இருவருக்கும் வயது இருபத்து மூன்று. ஒருவர் நவார் நாட்டுப் பிரபுவின் மகன், மற்றவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்தவர். எனினும் இணக்கமாகவே இருந்தனர். அந்த அறைக்குள் மூன்றாமவராக வந்து சேர்ந்தார் இஞ்ஞாசியார். முப்பத்தெட்டு வயது, தாங்கி நடக்கும் கால், கையேந்திப் பெற்ற பொருளில் படிப்பு. சவேரியாருக்கு அவரைப் பிடிக்கவில்லை, கேலியும் செய்தார். மரியாதையின்மை மட்டுமன்று, பழைய பகையும் அங்கே இருந்தது. இஞ்ஞாசியார் 1521-இல் பாம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்று காலில் குண்டடி பட்டவர். அந்தப் போரில் சவேரியாரின் அண்ணன்மார் எதிரணியில் நின்று போரிட்டவர்கள். அறைத் தோழன் அமைந்த விதத்தைப் பாருங்கள்!

இஞ்ஞாசியார் வாதாடவில்லை. சவேரியார் ஆசிரியப் பணி தொடங்கியபோது அவருடைய வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துவிட்டார். பணமுடை வந்தபோது உதவினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். சவேரியாரின் மனம் இளக நான்கு ஆண்டுகள் வரை ஆயிற்று. 1540-இல் உரோமையிலிருந்து புறப்பட்ட சவேரியார் இஞ்ஞாசியாரை அதன்பின் காணவேயில்லை. நம் முத்துக்குளித்துறையில் உழைத்து, கிழக்கே அம்போய்னாத் தீவு வரை சென்றவர், தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட இட்ட பெயர்களைக் கத்தரித்தெடுத்துத் தம்மோடு சுமந்து திரிவதாக 1546-இல் அங்கிருந்து எழுதினார்.

ஆனால் எல்லா அறையிலும் இஞ்ஞாசியார் வந்து அமர்வதில்லை. நம் பிள்ளை நான்கு ஆண்டுகள் பொறுத்திருக்கவும் இயலாது. நவம்பரில் அவனுக்குத் தேர்வு. ஆகவே அவன் வாய் திறந்து பேச வேண்டும். சினம் மூண்ட நள்ளிரவில் அன்று. மறுநாள் மாலை, இருவரும் உண்டு முடித்து அமர்ந்திருக்கும்போது. கைப்பேசியில் செய்தி அனுப்புவதும், பக்கத்து அறையினரிடம் முறையிடுவதும் தீயில் எண்ணெய். பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்காமல் ஒன்றை மட்டும் எடுக்கட்டும்: "நண்பா, பதினோரு மணிக்குப் பிறகு பெரிய விளக்கு வேண்டாம், மேசை விளக்கு வைத்துக்கொள். பேச வேண்டுமானால் தாழ்வாரத்துக்குப் போ." அதைச் சொன்ன பின், "என்னால் உனக்கு என்ன தொல்லை?" என்றும் கேட்கட்டும். ஐந்து மணிக்கு இவன் வைக்கும் அலாரம் அவனுக்கு எத்தகைய வேதனை என்பது அப்போதுதான் தெரியவரும்! மின்விசிறியின் வேகம், சாவி, வாளி, துணிக்கொடி, வந்து போகும் நண்பர்கள் ஆகிய இவையெல்லாம் அற்பமானவை என்று எண்ணற்க. விடுதிச் சண்டைகள் பெரும்பாலும் வாளியில்தான் தொடங்குகின்றன. சட்டை விஷயத்தில் மட்டும் தயக்கம் வேண்டா. "கேட்டால் தருவேன், கேளாமல் எடுக்காதே" என்று முகம் பார்த்துச் சொல்லி, பெட்டிக்கு ஒரு பூட்டும் போடலாம். பூட்டுப் போடுவது பகையாகாது.

ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பதை நாம் இவற்றோடு சேர்க்க மாட்டோம். ஒருமுறை சிரித்தால் அறியாமை. நாள்தோறும் சிரித்து, பிறரையும் கூட்டிச் சிரித்தால் அது துன்புறுத்தல். "நீ எந்தத் தெரு?" என்று கேட்டுச் சாதியை மோப்பம் பிடிப்பதும், அடிப்பதும், பணம் பறிப்பதும், போதைப் பொருளை அறையில் வைப்பதும் பொறுத்துப் போக வேண்டியவை அல்ல. 1996-இல் தமிழகத்து மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-இல் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடெங்கும் விதிகளை வகுத்தது. சாதி, மொழி, ஊர் முதலியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவதும் பகடிவதையே என்று 2016-இல் திருத்தமும் செய்தது. உடன் பயிலும் மாணவன் செய்தாலும் அது பகடிவதையே. இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்ல 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. இத்தகையவற்றில் "அனுசரித்துப் போ" என்று பிள்ளைக்கு அறிவுரை கூறும் பெற்றோரை நாம் ஏற்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. எந்நேரமும் போர்வைக்குள் கிடப்பவன், உண்ண எழாதவன், குளிக்காதவன், காரணமின்றி எரிந்து விழுபவன் நம் கண்ணுக்குத் தொல்லைக்காரனாகவே படுவான். அவன் நோயாளியாக இருக்கக்கூடும். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவன் ஒருமுறை சொன்னாலும், அதை இரகசியமாகக் காப்பது நட்பன்று. உடனே விடுதிக் காப்பாளரிடம் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கென நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இனி அந்த அன்னைக்கு. அம்மா, நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் கோபத்தை இன்லண்டு கடிதத்தில் எழுதி அனுப்புவோம். அது வீடு சேர்ந்து பதில் வருமுன் சண்டை மறந்து, இருவரும் சேர்ந்து பந்தாடிக்கொண்டிருப்போம். இன்று கோபம் பிறந்த அடுத்த நிமிடமே உங்கள் செவிக்கு எட்டிவிடுகிறது. அவன் இறக்கி வைத்துவிட்டு உறங்கிவிடுவான், நீங்கள் விடிய விடிய விழித்திருப்பீர்கள். அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள், ஆனால் அந்தப் பையனின் தாயை அழைக்காதீர்கள். நீங்கள் அழைத்தால், அம்மாவிடம் கோள் சொன்னவன் என்ற பட்டம் மூன்று ஆண்டும் அவனைத் தொடரும். மேலே சொன்னவாறு அவன் பேசிப் பார்க்கட்டும். மூன்று வாரம் கழித்தும் மாற்றமில்லையெனில், அல்லது அந்தச் சிரிப்பு நாள்தோறும் தொடர்கிறதெனில் உடனேயே, அறை மாற்றம் கோரிக் காப்பாளருக்கு எழுதட்டும். நடந்தவை இன்னின்ன, நாள் இன்னது என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். அறை மாறுவது தோல்வியன்று. கல்லூரியை விட்டு வருவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய காரியம். அந்த விண்ணப்பத்தை நீங்கள் எழுதித் தர வேண்டா. அவன் கையெழுத்திலேயே இருக்கட்டும், தமிழிலேயே இருக்கட்டும்.