ஒரே கத்திக்கு ரெண்டு பிறந்த வருஷமா?

ஒரு மடக்குக் கத்தி. அதில் இரண்டு அலகுகள். ஒன்றின் அடியில் 1969 வரை அடித்த முத்திரை, இன்னொன்றில் 1970-ல் வந்த புது முத்திரை. நாம் வாங்கிய பொருள் இப்படி இருந்தால் என்ன செய்வோம்? பில்லும் கையுமாகக் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பிவிடுவோம். ஆனால், அமெரிக்காவில் பழைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் இப்படி ஒன்று கிடைக்காதா என்றுதான் தேடி அலைகிறார்கள்!

பிழைக்கு விலை கிடைப்பது புதிதல்ல. 1918-ல் வெளியான அமெரிக்காவின் 24 சென்ட் ஸ்டாம்ப்பில், ஒரே ஒரு தாளில் இருந்த 100 ஸ்டாம்ப்களில் மட்டும் விமானம் தலைகீழாக அச்சாகிவிட்டது. இன்று அவை பெரும் விலைக்குப் போகின்றன. கத்தியிலும் இதே மோகம்தான். ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. கத்தியை யார் வேண்டுமானாலும் கழற்றி, பாகங்களை மாற்றி மாட்டிவிடலாம்.

புள்ளி சொல்லும் வருஷம்

இந்தக் கதையில் முக்கியமான பெயர் ‘டபிள்யூ.ஆர். கேஸ் அண்ட் சன்ஸ்’. கோர்ட் கேஸ் இல்லை, அது ஒரு குடும்பப் பெயர். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு ஊரில் இருக்கும் நிறுவனம். ஜிப்போ லைட்டருக்கும் அதே ஊர்தான்.

1964 வரை இதன் கத்திகளில் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்ற முத்திரை இருந்தது. 1965-ல் அதோடு ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது. 1970-ல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வந்தன. அடுத்த வருஷம் ஒன்பது, அதற்கடுத்த வருஷம் எட்டு என்று ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. 1979-ல் மிஞ்சியது ஒரே ஒரு புள்ளி. அதனால் புள்ளியை எண்ணினாலே வருஷம் தெரிந்துவிடும்.

முத்திரை மாறும் நாளில், பழைய முத்திரை அடித்த அலகுகள் தட்டில் மிச்சம் இருக்கும். நல்ல எஃகைத் தூக்கியா எறிவார்கள்? கைக்கு வந்ததை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பிறந்தவைதான் இந்தக் கலப்புக் கத்திகள். அந்த ஆலையின் ஒரு சாதாரண வேலைநாள் அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

நிஜமா, ஒட்டுவேலையா?

வெவ்வேறு கத்திகளின் பாகங்களை யாரோ பின்னாளில் கோத்திருந்தால், அதற்கு மதிப்பு இல்லை. அதைச் சேகரிப்பாளர்கள் ‘ஃபிராங்கன்நைஃப்’ என்று கிண்டலடிப்பார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

* வருஷ இடைவெளி: இரண்டு முத்திரைகளும் அக்கம்பக்கத்துக் காலத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று 1964-க்கு முந்தையது, இன்னொன்று 1975 என்றால் சந்தேகம்தான். பதினோரு வருஷமா அந்த அலகு தட்டில் கிடந்திருக்கும்?

* ஆணி: அலகைப் பிடித்திருக்கும் ஆணியின் தலையைத் தட்டி, தேய்த்து, பாலிஷ் போட்டிருப்பார்கள். அலகை மாற்ற அந்த ஆணியை எடுத்தே ஆக வேண்டும். மறுபடி போட்ட இடத்தில் மெல்லிய வளையமோ, புதுப் பளபளப்போ தெரியலாம்.

* தேய்மானம்: பெரிய அலகு கறுத்துத் தேய்ந்து, சின்னது புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

* எண்: 6254 என்ற எண்ணில் 6 என்பது எலும்புக் கைப்பிடி, 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை, 54 என்பது மாடல். மஞ்சள் கைப்பிடிக்கு 3. மஞ்சள் கத்தியில் 6 என்று இருந்தால் உஷார்!

ஒன்றைச் செய்ய, ரெண்டு காலி

தாத்தாவின் கத்தியில் அலகு உடைந்துவிட்டது. பேரன் வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டிப் பழம் நறுக்குகிறான். இதில் தப்பே இல்லை. அதைச் சொல்லாமல், ‘ஆலையிலேயே இப்படித்தான் வந்தது’ என்று விற்றால்தான் மோசடி. பணம் ஏமாறுவது ஒரு பக்கம். நம்பும்படி ஒரு போலியைச் செய்ய, அந்தந்தக் காலத்து அசல் கத்திகள் இரண்டையாவது பிரித்தாக வேண்டும். ஐம்பது வருஷம் முழுசாக இருந்த பொருள்கள் அதோடு சரி. எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்ப வராது.

அதனால் இந்த ஆசை வந்தவர்கள் முதலில் பிழை இல்லாத சாதாரணக் கத்திகளை நிறையப் பார்த்துப் பழக வேண்டும். சரியானது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே தப்பு கண்ணில் படும்? விலை கூடுதலாகச் சொன்னால், அசல் என்று எழுதி வாங்குவது நல்லது. முக்கியமாக, கையில் கிடைத்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அழுக்கென்று நினைத்துத் தேய்த்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு மெல்லிய துணி போதும்.

அப்புறம் ஒரு லென்ஸ் எடுத்து, நிதானமாகப் புள்ளிகளை எண்ணுங்கள். ரெண்டு அலகிலும்!